ஏற்காட்டுக் காட்டுப்புகையிலை சேலத்து மாடியில் ஏன் வாடியது?

கேள்வி: பொங்கல் லீவில் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு, குப்பனூர் பாதை வழியாக இறங்கினோம். ஒரு வளைவில், ரோடு போட வெட்டிய மண்மேட்டில், என் வீட்டுக்காரரைவிட உயரமாக நாலைந்து செடிகள் நின்றன. உச்சியில் முழ நீளத்துக்கு வெள்ளைப் பூ. ஒன்றை வேரோடு தோண்டி எடுத்துவந்து அம்மாபேட்டையில் எங்கள் மாடித்தோட்டத்தில் க்ரோ பேக்கில் வைத்தேன். பத்தே நாளில் கருகிவிட்டது. பக்கத்தில் காய்ந்து நின்ற தண்டிலிருந்து காய்களை உதிர்த்து வந்து தொட்டியில் விதைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. படத்தைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர், இது காட்டுப்புகையிலை, இலையைக் காயவைத்துக் கஷாயம் போட்டால் இளைப்புக்கு நல்லது என்கிறார். மாமியாருக்கு இளைப்பு உண்டு, வாடிய செடியை அதனால்தான் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். இதைச் சேலத்தில் வளர்க்க வழி உண்டா? நாகலூர் பக்கம் மாமனார் வழியில் கொஞ்சம் காப்பித் தோட்டமும் இருக்கிறது.
(வாசகி, அம்மாபேட்டை, சேலம்)

பதில்: அம்மா, வணக்கம். செடி வளர்ப்பதைப் பிறகு பேசலாம். கஷாயம் வைக்காதீர்கள். ஏற்கனவே இலையைக் காயவைத்து டப்பாவில் போட்டிருந்தால், மாமியார் கைக்கு எட்டாமல் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

உறவுக்காரர் சொன்ன பெயர் சரிதான். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் இரண்டாவதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது காட்டுப்புகையிலைதான், தாவரவியலில் லொபீலியா நிகோஷியானிஃபோலியா என்பார்கள். இளைப்புக்கு நல்லது என்று அவர் சொன்னதும் முழுக் கட்டுக்கதை இல்லை. இந்தச் செடியில் லொபிலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது உடம்பில் கிட்டத்தட்ட நிகோடின் போலவே வேலை செய்யும், ஒரு காலத்தில் இளைப்புக்கும் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிகரெட்டை விடவைக்கும் என்று சொல்லி லொபிலின் மாத்திரைகளை அமெரிக்கக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தார்கள், பலன் நிரூபணமாகவில்லை என்று 1993-ல் அந்த நாட்டு அரசு அதை நிறுத்திவிட்டது. சிக்கல் என்னவென்றால், பலன் கிடைக்கும் என்று சொல்லப்படுகிற அளவுக்கும் வாந்தி எடுக்கவைக்கிற அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. ஒரு செடியில் இருக்கிற அளவு அடுத்த செடியில் இருக்காது, இளம் இலையில் ஒரு மாதிரி, காய்ந்த விதையில் வேறு மாதிரி. கொஞ்சம் கூடினால் குமட்டல், வியர்வை, தலைசுற்றல், படபடப்பு, அதற்கும் மேலே போனால் வலிப்பு. வயதானவர், ஏற்கனவே மூச்சுக்குக் கஷ்டப்படுகிறவர், அநேகமாக பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர், அவருக்கு ஒரு கைப்பிடி இலையை அளவில்லாமல் கொதிக்கவைத்துக் கொடுப்பதா? நெஞ்சு மருத்துவர் எழுதித்தந்த இன்ஹேலர் போதும். தப்பித்தவறி யாராவது ஏற்கனவே குடித்துவிட்டு வாந்தி, படபடப்பு என்றால், உப்புத் தண்ணீர் கொடுத்து இன்னும் வாந்தி எடுக்கவைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள், செடியின் ஒரு துண்டை ஒரு கவரில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. செல்போனில் தேடினால் 'இண்டியன் டொபாக்கோ' என்று ஒரு மூலிகை வரும், அதற்கு ஏகப்பட்ட செய்முறைகள், இத்தனை சொட்டு, இத்தனை கிராம் என்று. அது வேறு செடி, வட அமெரிக்காவில் முழங்கால், இடுப்பு உயரத்துக்கு வளரும் இதன் ஒன்றுவிட்ட தங்கை. அந்த 'இண்டியன்' நாம் இல்லை, அங்கே இருந்த பூர்வகுடிகள். பெயரைப் பார்த்து நம்ம ஊர்ச் செடி என்று நினைத்து, அந்த அளவை இதில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, வாந்தியோடு முடிந்தது.

சரி, செடிக்கு வருவோம். காட்டுப்புகையிலை என்ற பெயருக்குக் காரணம் இலை. அடி இலை ஒரு முழத்துக்குக் குறையாமல் நீண்டு, நடு நரம்பு வெளுத்துத் தடித்து, மேலே மெல்லிய சுணையோடு, அப்படியே புகையிலைத் தோட்டத்தில் பார்ப்பது மாதிரி இருக்கும். கன்னடத்திலும் காடு ஹொகெசொப்பு என்கிறார்கள், மலையாளத்திலும் அதே பெயர்தான். புகையிலை நம் நாட்டுக்கு வந்ததே போர்த்துகீசியர் காலத்தில். அப்படியானால் இந்த மூன்று பெயரும் அதற்குப் பின்னால் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும், செடியோ அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே மலையில் நிற்கிறது. அதற்கு முன் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை. மலையில் பெரியவர்கள் சிலரிடம் கேட்டேன், "அது காட்டுப்பொயிலை, மாடு வாய் வைக்காது" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை போகும்போது அதன் பூவைக் கிட்டத்தில் பாருங்கள், தோண்டாமல். கதிர் அடியிலிருந்து மேல்நோக்கி மலரும், அதனால் ஒரே தண்டில் கீழே காய், நடுவில் பூ, உச்சியில் மொட்டு மூன்றும் இருக்கும். பூவின் குழல் முதுகுப்பக்கம் நீளமாகக் கிழிந்திருக்கும். பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அமைப்பே அப்படி. அந்தக் கிழிசல் வழியாக வளைந்த ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் சாம்பல் நீலத்தில் ஒரு மூக்கு. மகரந்தப்பைகள் ஐந்தும் ஒட்டிக்கொண்டு குழாயாக மாறியதுதான் அந்த மூக்கு. உள்ளேயிருந்து சூல்தண்டு வளர வளர, சைக்கிள் பம்பு மாதிரி மகரந்தத்தை மெல்ல வெளியே தள்ளும். மகரந்தம் தீர்ந்தபிறகுதான் சூல்முடி வெளியே வந்து இரண்டாகப் பிளக்கும். அதாவது ஒரே பூ முதலில் ஆண், பிறகு பெண். காலை வெயில் ஏறும் நேரத்தில் தேன்சிட்டு வந்து கதிரில் தொற்றிக்கொண்டு கீழிருந்து மேலாக ஒவ்வொரு பூவாக அலகை விடும், அந்த மூக்கு சரியாக அதன் நெற்றியில் இடிக்கும். ஏற்காடு வருகிறவர்கள் எல்லாம் குறிஞ்சி எங்கே, குறிஞ்சி எங்கே என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டிய பூவைக் கேட்கிறவர்களுக்கு, வருஷாவருஷம் மார்கழியிலும் தையிலும் ரோட்டோரத்திலேயே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற இது கண்ணில் படுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உங்கள் கண்ணில் பட்டதே சந்தோஷம்.

உங்கள் செடி ஏன் செத்தது என்றால், சேலத்து வெயிலால் இல்லை. தை மாதத்தில் சேலம் ஒன்றும் அடுப்பு இல்லையே. செத்தது தோண்டியதால். இது முளைத்த முதல் வருஷம் தரையோடு ஒட்டி, முள்ளங்கி மாதிரி இலைகளை வட்டமாக விரித்து உட்கார்ந்திருக்கும். சம்பாதிக்கிறதையெல்லாம் வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ சேர்த்துவைத்த அத்தனையையும் ஒரே மூச்சில் செலவழித்துத் தண்டை ஏற்றிப் பூக்கும். ஐந்தடி, எட்டடி, நல்ல இடமாக இருந்தால் பத்தடிக்கு மேலும் போகும். பூத்த தண்டு காய் முற்றியதும் காய்ந்துவிடும், சில செடிகள் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், நான் பார்த்தவரையில் நிறைய செடிகள் அத்தோடு சரி. நீங்கள் எடுத்தது, பூத்து முடிக்கப்போகிற செடி. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி நடக்கும்போது அடுப்பைப் பெயர்த்து எடுத்துவந்தது மாதிரி. சரளைமேட்டில் நின்ற செடியை மண்வெட்டியால் பெயர்த்தால் பக்கவேர்கள் பாதிக்கு மேல் அங்கேயே அறுந்துபோகும், மேலே ஐந்தாறடித் தண்டும் இலையும் பூவும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் எவ்வளவு ஊற்றியிருந்தாலும் உறிஞ்ச ஆள் இல்லை. பத்து நாள் தாங்கியதே பெரிது.

ஒருவேளை சின்னச் செடியாக எடுத்துவந்து அது பிழைத்திருந்தால்? அப்போது சித்திரை வெயில் முடித்திருக்கும். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500, சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 1,623. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு, அப்படிப் பார்த்தால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் எட்டு டிகிரி இறங்கிவிடுகிறது. எல்லோரும் பகல் வெயிலைத்தான் பார்க்கிறார்கள், ஷேட் நெட் கட்டிவிட்டால் மலைச்செடி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து மலைச்செடிகளைக் கீழே கொல்வது ராத்திரிதான். பகலில் இலை தயாரித்த சர்க்கரையை ராத்திரியில் செடி மூச்சுவிட்டே செலவழிக்கும், வெப்பம் கூடக் கூட அந்தச் செலவு கூடும். ஏற்காட்டில் ராத்திரி குளிர்ந்துவிடுவதால் கையில் மிச்சம் நிற்கிறது. சேலத்தில் மே மாதம் நடுராத்திரியில்கூட மொட்டைமாடித் தளம் காலைச் சுடுகிறதே, அதன்மேல் ஒரு கறுப்பு க்ரோ பேக், அதற்குள் வேர். வரவுக்கு மேல் செலவு, வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிற குடும்பம் மாதிரி செடி உள்ளுக்குள்ளேயே இளைத்துவிடும். இலை வாடும் முன்பே அது முடிந்துபோன கதை. ஷேட் நெட்டால் ராத்திரியைக் குளிர்விக்க முடியாது.

தண்ணீரும் மண்ணும் அதற்கு மேல். சேர்வராயன் மலையின் மேல்பரப்பு செம்புறை மண், கீழே சார்னோக்கைட் பாறை, உச்சிகளில் பாக்சைட் இருக்கிறது என்று சுரங்கமே வெட்டினார்கள். காலகாலமாக மழை கழுவிக் கழுவிச் சுண்ணாம்புச் சத்தெல்லாம் இறங்கிப்போய்ப் புளித்த மண், அதாவது அமில மண். காப்பி அங்கே வந்ததற்கும் அதுவே ஒரு காரணம், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பி இன்றைக்கும் அங்கே நிற்கிறதென்றால் அந்த மண்ணும் ஒத்துழைத்திருக்கிறது. கீழே அடிவாரத்தில் என்ன இருக்கிறது? வெள்ளைக்கல். மேக்னசைட் வெட்டி எடுக்கிற பூமி. சேலத்துப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, பக்கெட்டில் வெள்ளை படியும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரை நாலு மாசம் ஊற்றினால் எந்தப் புளித்த மண்ணும் காரமாகிவிடும். அப்புறம் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். காவிரித் தண்ணீர் கொஞ்சம் பரவாயில்லை, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது. ஆனால் ராத்திரிக்கு என்ன செய்வீர்கள்? ஆக, மாடித்தோட்டம் வேண்டாம். நீங்கள் என்னைக் காசு கொடுத்துக் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன்.

நாகலூர்த் தோட்டம் என்றீர்களே, அதைத்தான் நான் கடிதத்தில் இரண்டு முறை படித்தேன். அங்கே தாராளமாக வரும். ஆனால் காப்பிச் செடிக்கு நடுவே வராது. சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியும் மூடிய இடத்தில், கீழே ஒரு ஜாண் சருகு கிடக்கிற இடத்தில், இது முளைக்கவே முளைக்காது. இதற்குப் பிடித்தது கீறிய மண். ரோட்டுக்காக வெட்டிய மேடு, சரிந்த கரை, மரம் விழுந்து வெளிச்சம் இறங்கின இடம், புல்வெளியின் ஓரம். தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல், வெயில் நேராகவோ அரைநாளோ விழ வேண்டும், மழை கொட்டினாலும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட வேண்டும், காலையில் மூட்டம் வந்து இலையை நனைத்துவிட்டுப் போனால் இன்னும் கொண்டாட்டம். நீங்கள் பார்த்ததும் வெட்டின மேட்டில்தானே? தற்செயல் இல்லை. விதையின் அளவுதான் காரணம்.

அந்த விதையைப் பற்றி என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நர்சரி ஆரம்பித்த புதிதில், ஒரு பங்களாத் தோட்டத்துக்கு இந்தச் செடி முப்பது வேண்டும் என்று கேட்டார்கள். காட்டு விதைதானே, கத்தரி விதை மாதிரி போட்டால் வராதா என்று, மூன்று ட்ரேயில் விதைத்து, வழக்கம்போல் கால் அங்குலம் மண் தூவி மூடி, பூவாளியால் தண்ணீர் தெளித்து, ஒன்றரை மாசம் பார்த்தேன். ஒரு பச்சைப் பொட்டுகூட இல்லை. அந்த ட்ரேக்களின் மண்ணை வெறுத்துப்போய் நர்சரிக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் கொட்டினேன். அடுத்த மழைக்கு அந்தக் கரை முழுக்க முளைத்துவிட்டது. கொட்டும்போது கீழே கிடந்த விதை மேலே வந்து வெளிச்சம் பட்டிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. தூசி மாதிரியான விதையில் சாப்பாட்டு மூட்டை கிடையாது, மண்ணுக்கு அடியிலிருந்து தலையை முட்டி மேலே வருவதற்கு அதனிடம் தெம்பு இல்லை, எனவே வெளிச்சம் தெரியும்வரை அது எழுந்திருப்பதில்லை. கீறிய மண் அதற்கு ஏன் பிடிக்கிறது என்பது இப்போது புரியும். உங்கள் தொட்டியில் நடந்ததும் அநேகமாக இதுதான். இல்லாவிட்டால், நீங்கள் உதிர்த்தது போன வருஷத்துத் தண்டாக இருந்து, விதையெல்லாம் முன்பே காற்றில் போய்விட்டு, வெறும் உமியை விதைத்திருப்பீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் கொட்டித் தாளைச் சாய்த்துப் பாருங்கள், பழுப்பு மணலாக உருண்டு ஓடுவது விதை, ஒட்டிக்கொண்டு நிற்பது சக்கை.

காய் எடுக்கிற பக்குவம் இது: மாசி, பங்குனியில் கதிரின் கீழ்க்காய்கள் பழுப்பாகி, நுனி இரண்டாகப் பிளக்க ஆரம்பித்திருக்கும். காகிதக் கவரைக் கீழே பிடித்துத் தண்டை வளைத்து நாலு தட்டு தட்டினால் போதும், தண்டை ஒடிக்க வேண்டியதில்லை. பாலிதீன் கவர் வேண்டாம், ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். கையுறை கட்டாயம், முகத்தில் மாஸ்க் கட்டாயம். காய்ந்த இலைத்தூள் மூக்கில் ஏறினால் மூக்குப்பொடி போட்டுப் பழக்கமில்லாதவன் ஒரு டப்பாவை உறிஞ்சின மாதிரி இருக்கும், பச்சைத் தண்டை ஒடித்தால் பால் வரும், அந்தக் கையோடு நான் ஒரு தடவை கண்ணைக் கசக்கிவிட்டு ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விதைப்பதற்கு ஏற்காட்டில் சித்திரை, வைகாசியில் இடியோடு வருகிற கோடைமழையை ஒட்டிய நேரம் தோது. ட்ரேயில் செய்வதானால், சலித்த இலைமக்கும் ஆற்றுமணலும் பாதிப் பாதி, தோட்டத்துச் செம்மண் ஒரு கை. முதலில் மண்ணை நன்றாக நனைத்து வடியவிடுங்கள். ஒரு சிட்டிகை விதையை ஒரு கரண்டி காய்ந்த நைஸ் மணலில் கலந்து, கோலம் போடுவது மாதிரி விரலிடுக்கில் விட்டுத் தூவுங்கள், உங்களுக்கு அது என்னைவிட நன்றாக வரும். மேலே மண் போடக் கூடாது, ஒரு துளியும். கண்ணாடியோ வெள்ளை பாலிதீனோ மேலே விரித்து, வெளிச்சமான ஆனால் நேர் வெயில் விழாத இடத்தில் வையுங்கள். மேலேயிருந்து தண்ணீர் தெளித்தால் விதை மண்ணுக்குள் போய்விடும், எனவே ட்ரேயை ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் உட்காரவைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாசத்துக்குள் பச்சைப் பாசி படர்ந்தது மாதிரி தெரியும், பாசி என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், அதுதான் நாற்று. தெரிந்ததும் மேல்மூடியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் நாற்றழுகல் வந்து அத்தனையும் படுத்துவிடும். நாலு இலை வந்ததும் பென்சில் முனையால் ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னப் பையில் மாற்றி, உள்ளங்கை அகலத்துக்கு இலை விரிந்தபிறகு, மழைக்காலத்திலேயே தரையில் வைத்துவிடுங்கள். செடிக்குச் செடி இரண்டரை, மூன்று அடி.

உரம் வேண்டாம். யூரியா போட்டால் தண்டு கொழுகொழுவென்று ஏறும், உள்ளே மூங்கில் மாதிரி வெற்றுக்குழல், ஐப்பசிக் காற்றில் மடார் என்று ஒடியும். மெலிந்த மண்ணில் மெதுவாக வளர்ந்ததுதான் நிமிர்ந்து நிற்கும்.

உண்மையைச் சொன்னால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த ட்ரே வேலையெல்லாம்கூடச் செய்ய மாட்டேன். தோட்டத்தின் மேற்குப் பக்கமோ வடக்குப் பக்கமோ, வேலியோரத்தில் நாலடி அகலத்துக்கு ஒரு துண்டை ஒதுக்கி, அதில் அடைத்திருக்கிற உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி, மண்வெட்டியால் மேல்மண்ணைக் கீறி, மணல் கலந்த விதையைத் தூவிவிட்டு வந்துவிடுவேன். அப்புறம் அந்தத் துண்டில் களை வெட்டும் மெஷினை ஓட்டவிடக் கூடாது, அதுதான் பெரிய வேலை. முதல் வருஷம் தரையோடு படுத்திருக்கிற வட்ட இலையைப் பார்த்தால் வேலையாட்களுக்கு அது களைதான், சுத்தமாக வழித்துப் போட்டுவிடுவார்கள். தோட்டம் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு செடியைக் காட்டிச் சொல்லிவையுங்கள், நாலு மூலையில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். மாடு, ஆடு பற்றிக் கவலை வேண்டாம், அவற்றுக்கு நம்மைவிட விவரம் அதிகம். உண்ணிச்செடி மட்டும் மறுபடி மறுபடி வரும், மூன்று மாசத்துக்கு ஒருமுறை கையால் பிடுங்க வேண்டியிருக்கும். மலையில் இந்தப் பூ குறைந்துகொண்டே வருவது போல எனக்குத் தோன்றுவதற்கு உண்ணிதான் முதல் காரணம், அதன் புதருக்கு அடியில் வெளிச்சம் இறங்குவதே இல்லை.

விதை எங்கே எடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. காப்புக்காட்டுக்குள் இருந்து செடியோ விதையோ எடுப்பது வனச்சட்டப்படி குற்றம், 1882-ஆம் வருஷத்துச் சட்டம், இன்றைக்கும் அமலில் இருக்கிறது. ரோட்டோரம் என்று நாம் நினைக்கிற இடம் பாதி காட்டுக்குச் சொந்தம். தோண்டியதற்காக உங்களைத் திட்டவில்லை, இனிமேல் வேண்டாம். நாகலூர்ப் பக்கம் அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளில் வேலியோரம் நிற்கும், கேட்டால் தருவார்கள். செடி அதுதானா என்று சந்தேகம் வந்தால், ஏற்காட்டில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, 1963-லிருந்து இருக்கிறது, படத்தைக் காட்டிக் கேளுங்கள். பலர் குடுவைத்தாவரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

மாடிக்கு உயரமாக வெள்ளைப் பூ ஒன்று வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கோஷ்டம் வையுங்கள், நர்சரியில் கோஸ்டஸ் என்று கேட்டால் தருவார்கள். நம் நாட்டுச் செடிதான், கிழங்கு வைத்தால் போதும், படிக்கட்டு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறி ஆள் உயரம் வரும், சிவப்புக் கூம்பிலிருந்து நனைத்த டிஷ்யூ காகிதம் மாதிரி வெள்ளைப் பூ விடும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம், மதிய வெயில் படாத இடம், பெரிய பை, ஈரம் குறையாமல். தை, மாசியில் காய்ந்தது மாதிரி நிற்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கோடைமழைக்குத் துளிர்க்கும். செங்காந்தளும் சேலத்தில் அருமையாக வரும், ஆனால் அதன் கிழங்கு இதைவிடக் கொடிய விஷம், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். இளைப்பு, இருமல் என்று வீட்டில் ஏதாவது ஒரு மூலிகை இருந்தே ஆகவேண்டும் என்று மாமியார் கேட்டால் ஆடாதோடை ஒரு குச்சி வெட்டி நடுங்கள். ஆடு தொடாததால் அந்தப் பெயர். போர் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசராது. அதையும் சித்த மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

கடைசியாக, மாடியில் வைத்திருக்கிற அந்த வாடிய செடி. அதைக் கொளுத்த வேண்டாம், புகை நெஞ்சுக்குள் போகும், இளைப்பு இருக்கிறவர் இருக்கிற வீடு அது. கையுறை போட்டு, மாஸ்க் கட்டி, இலையில் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூள் பறக்காமல் நனைத்துக்கொண்டு, தண்டை நாலாக நறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். கதிரில் நுனி பிளந்த காய் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை மட்டும் தனியாக ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே 'விஷம்' என்று எழுதி நாகலூருக்கு அனுப்புங்கள். நறுக்கிய கத்தியைச் சமையல்கட்டுக்குத் திரும்ப எடுத்துப் போகாதீர்கள், அது இனிமேல் மாடித்தோட்டத்துக் கத்தியாகவே இருக்கட்டும்.